எண்ணூற்று முப்பது ரூபாய் லாரி!

"மாமா, ஆயில் செலவு ரொம்ப ஓவரா இருக்கே!"

2010-ல் நான் சொன்ன இந்த ஒரு வாக்கியம், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றைக் கொன்றது. கொலைக்கு உபயோகித்த ஆயுதம்: கால்குலேட்டர்.

அப்போதுதான் பி.காம். முடித்திருந்தேன். பி.காம். முடித்த புதிதில் ஒருத்தனுக்கு வரும் தன்னம்பிக்கை அப்புறம் ஆயுசுக்கும் வருவதில்லை. டெபிட் எது, கிரெடிட் எது என்று தெரிந்துவிட்டது. இனி உலகத்தில் தெரிந்துகொள்ள என்ன பாக்கி? ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர்களுக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தபோது, நாமக்கல்லிலிருந்து தாய்மாமன் போன் பண்ணினார்.

"மாப்ளே, நம்ம வண்டிக் கணக்கையும் நீயே பாத்துக்கயேன். வெளியாளுக்குக் குடுக்கற காசு உனக்கே வரட்டுமே."

நாமக்கல்லில் 'வண்டி' என்றால் லாரி. வேறு அர்த்தம் கிடையாது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், கேஸ் டேங்கர்கள், டிரெய்லர்கள் என்று ஊரே சக்கரத்தின் மேல் நிற்கிறது. பக்கத்துத் திருச்செங்கோடு போனால் போர்வெல் ரிக் வண்டிகள். மழையை நம்பிப் பிழைக்க முடியாத விவசாயிகள், காட்டை அடகு வைத்து லாரி வாங்கினார்கள். மாமாவும் அப்படித்தான். சேலம் ஜில்லாவிலிருந்து நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்த 1997-ல், அத்தையின் வளையல்களை பேங்கில் வைத்து, மீதிக்குக் கடன் வாங்கி, பாடி கட்டி முடிக்க 6 லட்சம் ஆனது. எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். செத்தது கம்பெனியின் குற்றத்தால் அல்ல, என் குற்றத்தால்.

சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போகும். திரும்பும்போது நாசிக் வெங்காயம். வருஷத்துக்கு முக்கால் லட்சம் கிலோமீட்டர் அசராமல் ஓடியது. 2004-ல் ஒரு தடவை எஞ்சின் இறக்கி வேலை பார்த்தார்கள். 2010 ஜனவரியில் இன்னொரு தடவை புது லைனர், புது பிஸ்டன், புது ரிங். நியாயமாய் 2016 வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

கணக்கைப் புரட்டினேன். 15,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றியிருந்தார்கள். 14 லிட்டர் ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து ஒவ்வொரு தடவையும் 4,000 ரூபாய். வருஷத்துக்கு ஐந்து தடவை, 20,000. அதையே 30,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றினால்? வருஷத்துக்கு 10,000 மிச்சம்! ஏர் ஃபில்டரை மாற்றுவானேன், காற்றடித்து ஊதிப் போட்டால் போதாதா? 'ஏர் ஹோஸ் - 450 ரூபாய்' என்ற வவுச்சரில் சிவப்புப் பென்சிலால் ஒரு பெரிய கேள்விக்குறி போட்டேன்.

கேள்விக்குறியைப் பார்த்த டிரைவர் அடுத்த தடவை ஹோஸ் வெடித்தபோது புதுசு வாங்கவில்லை. சைக்கிள் டியூபைக் கிழித்து வரிந்து கட்டிவிட்டார். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

யானை உட்காரும் தலை

டீசல் எஞ்சின் சமாசாரம் அப்போது எனக்குத் தெரியாது. உங்களில் சிலருக்கும் தெரியாமலிருக்கலாம். இரண்டு நிமிஷம் பாடம் நடத்திவிடுகிறேன், தூங்காமல் கேளுங்கள்.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் எஞ்சினீயருக்கு நீராவி எஞ்சினைக் கண்டால் வயிற்றெரிச்சல். போடும் கரியில் பத்தில் ஒரு பங்குகூட உருப்படியான வேலையாக மாறவில்லை. காற்றை மட்டும் பலமாக அமுக்கினால் அது தானே சூடேறும், அந்தச் சூட்டில் எரிபொருளைப் பீய்ச்சினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும் என்று யோசித்தார். (சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் அடிப்பக்கம் சுடுமே, அதேதான்.) 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அவருடைய எஞ்சின், எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றிக் காட்டியது. 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர் நடுக்கடலில் காணாமல் போனார். எஞ்சின் மட்டும் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால், நிலைத்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் டீசல் லாரிகள் 1920-களின் நடுவில் ஜெர்மனியில் வந்தன. 1927-ல் பாஷ் கம்பெனி டீசல் பம்ப்பை மொத்தமாகத் தயாரிக்க ஆரம்பித்ததும் ரோடெல்லாம் டீசல். நம் ஊர் வரலாறும் சுருக்கம்தான். எண்ணூரில் கார் செய்வதற்காக 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955-ல் பிரிட்டனின் லேலண்ட் கம்பெனியுடன் சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாடாவும் பென்ஸும் 1954-ல் கைகோத்து 1969 வரை சேர்ந்திருந்தார்கள். 'டாடா 697 எஞ்சின்' என்று டிரைவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். அது ஏதோ லாட்டரி நம்பர் இல்லை. 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம். அவ்வளவுதான்!

இந்த எஞ்சின் ஏன் இவ்வளவு நாள் உழைக்கிறது?

டீசல் எஞ்சினில் காற்று பதினாறு, பதினேழில் ஒரு பங்காக நசுங்குகிறது. 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. டீசல் பற்றிக்கொள்ளும் கணத்தில் 97 மில்லிமீட்டர் பிஸ்டன் தலையில் 5, 6 டன் பாரம் இறங்குகிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு யானை வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யானையைத் தாங்கவேண்டும் என்பதற்காகவே எல்லாவற்றையும் கனமாகச் செய்தார்கள். வார்ப்பிரும்பு பிளாக், அடித்து உருவாக்கிய கிராங்க், அதைத் தாங்க ஏழு இடத்தில் பேரிங். நீண்ட ஆயுளுக்குப் பாதிக் காரணம் இந்தக் கட்டுமஸ்து.

மீதிப் பாதி, நிதானம்.

90 கோடிச் சுற்று

லாரி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 1,800 சுற்று. அதே வேகத்தில் போகும் உங்கள் பைக்? நிமிஷத்துக்கு 4,000 என்றாலும் கிலோமீட்டருக்கு 4,800. ஒரே தூரத்துக்கு லாரியைவிட இரண்டரை மடங்குக்கு மேல் சுற்றித் தொலைக்கிறது. அவசரக்காரனுக்கு ஆயுசு கம்மி!

5 லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரி எஞ்சின் 90 கோடிச் சுற்று சுற்றியிருக்கும். உங்கள் இதயம் நிமிஷத்துக்கு 72 தடவை அடித்தால், 90 கோடி துடிப்புக்குக் கிட்டத்தட்ட 24 வருஷம். அதை லாரி ஏழெட்டு வருஷத்தில், 16 டன் பாரத்தை இழுத்துக்கொண்டே முடித்துவிடுகிறது.

இன்னொரு விஷயம்: எஞ்சினுக்கு ஓடுவதைவிடக் கிளம்புவதுதான் கஷ்டம். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில் ஆயில் எல்லாம் கீழே இறங்கியிருக்கும். காலையில் செல்ஃப் அடித்ததும் அது மேலே ஏறி வரும்வரை இரும்பும் இரும்பும் உரசும். கிளம்பிச் சூடேறி, சூடேறிய பிறகு நிற்காமல் நாசிக் வரை போகும் லாரிக்குத் தேய்மானம் கம்மி. தெருவுக்குத் தெரு நின்று குப்பை அள்ளும் லாரிக்கு அதிகம். கிலோமீட்டரை மட்டும் பார்த்து எஞ்சினின் வயசைச் சொல்லக்கூடாது.

வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு 'பி-50' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நூறு எஞ்சின்களை ஓடவிட்டால், எந்த தூரத்தில் ஐம்பது எஞ்சின்கள் பெரிய வேலைக்கு வந்து நிற்குமோ, அந்த தூரம். அமெரிக்காவில் டெட்ராய்ட் கம்பெனி தன்னுடைய 14.8 லிட்டர் டிடி-15 எஞ்சினுக்கு 12 லட்சம் மைல் என்று சொல்கிறது. கிலோமீட்டரில் 19 லட்சத்துக்கு மேல். நிலாவுக்கு இரண்டரை தடவை போய் வரலாம்! இதைப் படித்துவிட்டு 'கியாரண்டி 12 லட்சம் மைல்' என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அந்த தூரத்துக்குள் பாதி எஞ்சின்கள் படுத்திருக்கும் என்பதும் அதே கணக்குதான். உங்களுடையது எந்தப் பாதி என்பதைப் பெரும்பாலும் உங்கள் வவுச்சர் ஃபைல் முடிவு செய்யும்.

என்னுடைய ஃபைல் முடிவு செய்துவிட்டது.

நகத்தால் தடவிப் பாருங்க!

2012 ஜனவரி. ஜவ்வரிசி லோடுடன் தொப்பூர் கணவாய் ஏறும்போது வண்டிக்கு மூச்சு வாங்கியது. பின்னால் நீலப் புகை. டிரைவர் எப்படியோ மேலே ஏற்றி, லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, நாமக்கல் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார். "படிச்ச புள்ளை வந்து பாக்கட்டும்" என்று மேஸ்திரி சொன்னாராம். மாமா கூப்பிட்டனுப்பினார்.

மேஸ்திரிக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். 'குப் குப்' என்று டீக்கடை பாய்லர் மாதிரி புகை.

"ஏனுங் தம்பி, இது மூச்சு விடற இடமுங்களா? மேல வெடிக்கிறது ரிங்கைத் தாண்டிக் கீழ வருதுங்க. வேட்டியில ஓட்டை விழுந்துபோச்சு!"

மறுநாள் ஹெட்டைக் கழற்றினார்கள். மேஸ்திரி என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, சிலிண்டருக்குள் விட்டு, "நகத்தால தடவிப் பாருங்க" என்றார். கீழிருந்து மேலே தடவினேன். வழவழவென்று போன நகம், மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே 'டக்' என்று இடித்தது. படி மாதிரி ஒரு மேடு.

"மேல் ரிங் அதுவரைக்குந்தான் போகுமுங்க. அதுக்குக் கீழ எல்லாம் தேஞ்சு போச்சு. அந்த மேடுதான் பழைய லைனரு. ரெண்டு வருசத்துல இவ்வளவு தேயாதுங்க. இது மண்ணு தின்ன எஞ்சின்!"

சைக்கிள் டியூப் கட்டிய ஹோஸைத் தூக்கிக் காட்டினார். உள்பக்கம் பவுடர் பூசியது மாதிரி செம்மண். ஃபில்டரைத் தாண்டின பக்கத்தில் ஓட்டை. ஒவ்வொரு மூச்சுக்கும் ரோட்டுப் புழுதி நேராக உள்ளே போயிருக்கிறது. மணல் துகள் இரும்பைவிடக் கடினம். ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். தேய்ந்த இரும்புத்தூள் ஆயிலில் கலக்கிறது. ஆயிலைக் காலத்தில் மாற்றினால் அதோடு போயிருக்கும். நான்தான் மாற்ற விடவில்லையே! அந்தக் கரிக்குழம்பு 30,000 கிலோமீட்டர் கிராங்க்கையும் பேரிங்கையும் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. வெள்ளி மாதிரி இருக்கவேண்டிய பேரிங்கில் அடியிலிருக்கும் செம்பு பல்லிளித்தது.

கொடுமை என்னவென்றால், இதெல்லாம் என் கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது. 'டாப்-அப் ஆயில் 1 லிட்டர்' என்று டிரைவர் கொடுத்த சீட்டு, முதலில் மாதத்துக்கு ஒன்று. அப்புறம் வாரத்துக்கு ஒன்று. கடைசியில் ட்ரிப்புக்கு நாலு. எஞ்சின் மாதாமாதம் எனக்குக் கடிதாசி எழுதியிருக்கிறது. நான் ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்து ஃபைல் பண்ணியிருக்கிறேன்.

830-ம் 1,20,000-ம்

மேஸ்திரி எஸ்டிமேட் போட்டார். லைனர், பிஸ்டன் செட், ரிங், பேரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை, பம்ப், நாசில், கூலி... 1,20,000 ரூபாய்.

நான் மறுபடியும் கால்குலேட்டரை எடுத்தேன். (சில பேருக்குப் பட்டாலும் புத்தி வராது.) வாடகைக்கு ஓடும் லாரிக்கு அப்போதைய வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 30 சதவிகிதம் தேய்மானம். 2005-க்கு முன்னால் 40. ஒவ்வொரு வருஷமும் மிச்சமிருக்கும் மதிப்பில்தான் கழிக்கவேண்டும். 1997-ல் 6 லட்சம். எட்டு வருஷம் 40 சதவிகிதம் கழித்தால் 10,078 ரூபாய். அப்புறம் ஏழு வருஷம் 30 சதவிகிதம்.

2012 மார்ச் 31-ல் லாரியின் மதிப்பு, 830 ரூபாய்!

"மாமா, 830 ரூபா சொத்துக்கு யாராவது 1,20,000 செலவு பண்ணுவாங்களா? இரும்பு விலைக்குப் போட்டுட்டு, லோன்ல புதுசு எடுத்துடலாம்" என்றேன்.

மாமா பதில் சொல்லவில்லை. பட்டறைக்கு வெளியே போய் நின்று பீடி பற்ற வைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த வருஷம் அவர் பெண் பிளஸ் டூ. எஞ்சினீயரிங் சேர்க்கவேண்டும். புது லாரிக்கு மாதத் தவணை கட்டினால் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாது. லாரி ஓடாவிட்டாலும் கட்ட முடியாது.

மேஸ்திரிதான் பேசினார். "தம்பி, காகிதத்துல தேயறது வேற, இரும்புல தேயறது வேற. பிளாக்கு அப்படியே இருக்குது. கிராங்க்கு பத்து தவு கிரைண்ட் பண்ணினா இன்னும் ஒரு ஆளு வயசுக்கு வரும். தேயறதுக்குன்னே வெச்ச சாமான்தான் தேஞ்சிருக்கு."

ஒரு 'தவு' என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து தவு என்பது கால் மில்லிமீட்டர். அவர் சொன்ன கடைசி வரிதான் இந்தக் கட்டுரையின் மொத்த சமாசாரமும். லாரி எஞ்சின் சாகாத எஞ்சின் இல்லை. செத்துச் செத்துப் பிழைப்பதற்காகவே திட்டமிட்டுச் செய்த எஞ்சின். சிலிண்டரை பிளாக்கோடு ஒட்டி வார்க்காமல், தனிக் குழாயாக லைனர் போட்டு வைக்கிறார்கள். லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடினால் அது வெட் லைனர். இரும்புக்குள் இரும்பாக இறுக்கி ஏற்றியிருந்தால் டிரை லைனர். தேய்ந்தால் பிடுங்கிவிட்டுப் புதுசு. லைனரே இல்லாத எஞ்சினில்கூட போர் எடுத்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடலாம். கிராங்க்கைக் கடைந்தால், அதற்கேற்ற தடித்த பேரிங் கடையில் கிடைக்கும். செய்தவன் முதல் நாளே யோசித்திருக்கிறான்: 'இது ஒரு நாள் தேயும். அன்றைக்கு நாமக்கல்லில் ஒரு மேஸ்திரி இதைப் பிரிப்பார். அவருக்குக் கை நுழைய இடம் வேண்டும்.'

எனக்கு இது உறைத்தாலும் 1,20,000 எங்கிருந்து வரும்?

அன்றைக்கு ராத்திரி அத்தை சாப்பாடு போட்டுக்கொண்டே, கையிலிருந்த வளையல்களைக் கழற்றி மாமா இலைக்குப் பக்கத்தில் வைத்தார். "இந்த வளையலு தொண்ணூத்தேழுல பேங்குக்குப் போச்சுங்க. அந்த வண்டிதான் மீட்டுக் குடுத்துச்சு. இன்னொருக்கா போயிட்டு வரட்டும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் மிச்சம் பிடித்துக் கொடுத்தது வருஷத்துக்கு 10,000 வீதம் 20,000. அழித்தது 1,20,000. இதில் வண்டி நின்ற 22 நாள் வாடகை சேர்த்தியில்லை.

அந்த 22 நாளில் லீவு கிடைத்தபோதெல்லாம் பட்டறைக்குப் போய்விடுவேன். பிளாக்கைக் கழுவி, லைனர் இறக்கி, ரிங்கை ஒவ்வொன்றாக சிலிண்டரில் வைத்து இடைவெளி பார்த்து, போல்ட்டுகளை அளவு பார்த்து முறுக்கி... மேஸ்திரி ஒரு கர்ப்பகிரகத்துக்குள் இருப்பவர் மாதிரி வேலை செய்தார். வேலை நடக்கும் மேஜைப் பக்கம் யாரும் செருப்போடு வரக்கூடாது. பக்தி இல்லை, புழுதி! டீசல் பம்ப்பை மட்டும் தொடமாட்டேன் என்று பம்ப் கடைக்கு அனுப்பினார். அதற்குள் இருக்கும் பிளஞ்சருக்கும் உருளைக்கும் நடுவில் இரண்டு மூன்று மைக்ரான்தான் இடைவெளி. ஒரு தலைமுடியின் கனம் 70 மைக்ரான். யானையைத் தாங்கும் எஞ்சின், தூசிக்குத் தாங்காது!

கடைசி நாள். எலுமிச்சம்பழம், கற்பூரம். மேஸ்திரி செல்ஃப் அடித்தார். ஒன்று... இரண்டு... மூன்றாவது தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டு பிடித்தது. ஆயில் பிரஷர் முள் எழுந்து நின்றது. மூடியைத் திறந்து என் உள்ளங்கையை மேலே வைத்தார். புகையில்லை. லேசான வெதுவெதுப்பு மட்டும்.

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பட்டறையில் அவ்வளவு வெயில் இல்லை.

பைக் வைத்திருப்பவர் கவனத்துக்கு!

மேஸ்திரி எனக்கு இலவசமாகச் சொன்னது. உங்களுக்கும் இலவசம்.

* நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பென்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். வெள்ளை நிற்காமல் வந்தால் எரியாத டீசல், இல்லையென்றால் உள்ளே தண்ணீர்.

* காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் 'விர்ர்ர்' என்று முறுக்காதீர்கள். எதிர்வீட்டு மாடியில் யார் நின்றாலும் சரி.

* டர்போ வைத்த வண்டியை மேடேறி வந்த சூட்டோடு டக்கென்று அணைக்கக்கூடாது. இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் விடுங்கள். டர்போ பேரிங்குக்கு எஞ்சின் ஆயில்தான் உயிர்.

* ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெட் லைனர் அதிரும்போது தண்ணீரில் குமிழ்கள் உண்டாகி வெடித்து, இரும்பையே ஊசி குத்தின மாதிரி ஓட்டை போடும். கூலன்ட்டில் கலந்திருக்கும் மருந்து அதைத் தடுக்கும்.

* ஆயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள். பீட்சாவில் பிடியுங்கள்.

புதுசு சமர்த்து, ஆனால்...

அந்த எஞ்சின் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஓடியது. ஹோஸ் வவுச்சரில் நான் கேள்விக்குறி போடுவதில்லை. அத்தையின் வளையல் ஒன்றரை வருஷத்தில் வீட்டுக்கு வந்தது. மாமா பெண் எஞ்சினீயரிங் முடித்து வேலைக்குப் போய்விட்டாள்.

இதற்குள் ரோட்டில் ஒரு புது ஜாதி வந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பாரத் ஸ்டேஜ் 6 விதி. டீசலில் கந்தகம், ஸ்டேஜ் 3 காலத்தில் பத்து லட்சத்தில் 350 பங்கு இருந்தது, ஸ்டேஜ் 4-ல் 50, இப்போது 10. கந்தகம் எரிந்தால் அமிலம். அமிலம் லைனரை அரிக்கும், ஆயிலைக் கெடுக்கும். அது குறைந்ததில் எஞ்சினுக்கும் நல்லது, நுரையீரலுக்கும் நல்லது. லட்சம் கிலோமீட்டரை ஒட்டி ஆயில் மாற்றினால் போதும் என்று சில புது லாரிகளுக்கு விளம்பரம் வருகிறது. அதைப் படித்துவிட்டுப் பழைய லாரியில் முயற்சி செய்யாதீர்கள். அனுபவஸ்தன் சொல்கிறேன்!

புது எஞ்சினில் இரும்பு இன்னும் சிறப்பு. ஆனால் இரும்பைச் சுற்றி ஒரு பெரிய குடும்பமே குடியிருக்கிறது. கம்ப்யூட்டர், சென்சார், புகையிலிருக்கும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், யூரியா கரைசல் பீய்ச்சும் பம்ப். பழைய எஞ்சின் நோய் வந்தால் புகை விட்டுச் சொல்லும். புதுசு டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு போட்டுச் சொல்லும். மேஸ்திரி காதை வைத்துக் கேட்டார். அவர் பேரன் லேப்டாப்பைச் சொருகிக் கேட்கிறான். நோய் கேட்கிற காது வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

பழசு சாகாமல் இருப்பதில் ஒரு பாவமும் இருக்கிறது. மறைக்கக்கூடாது. 1997-ல் பிறந்த எஞ்சினுக்கு 2000-ல் வந்த முதல் பாரத் ஸ்டேஜ் விதிகூடத் தெரியாது. எத்தனை தடவை லைனர் மாற்றினாலும், அது பிறந்த காலத்துப் புகையைத்தான் விடும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்தது. நான் வண்டியைப் பிழைக்கவைத்ததற்காகச் சந்தோஷப்பட்ட அதே வருஷம். எஞ்சினுக்கு ஆயுசு கெட்டி என்பது பின்னால் பைக்கில் வருகிறவனுக்கு எப்போதும் நல்ல செய்தி இல்லை.

மாமா இதைத் தன் பாஷையில் சொன்னார்: "நல்லாத்தான் ஓடுது மாப்ளே. ஆனா காலம் பத்தாதுங்குது."

கடைசி என்ட்ரி

2021-ல், இருபத்து நாலாவது வயசில், லாரியைப் பழைய இரும்புக்குக் கொடுத்தோம். யார்டுக்குத் தானே ஓடிப் போனது. இழுத்துக்கொண்டு போகவில்லை. டிரைவர் வழக்கம்போல் இரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டுத்தான் அணைத்தார். "இனிமே எதுக்குங்க?" என்று யார்டுக்காரர் சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை. ஆயில் கேஜைக் கடைசியாக ஒரு தடவை உருவி, துணியில் துடைத்து, அளவு பார்த்துத் திரும்பச் சொருகிவிட்டு இறங்கினார்.

நான் ஆபீஸுக்கு வந்து புத்தகத்தை முடித்தேன். 830 ரூபாயிலிருந்து ஒன்பது வருஷம் 30 சதவிகிதம் கழித்தாயிற்று. லாரியின் மதிப்பு, 2021 மார்ச் 31-ல்:

33 ரூபாய். இரண்டு டீ, ஒரு பஜ்ஜி.

என் மேஜையில் பேப்பர்வெயிட்டாக ஒரு பழைய பிஸ்டன் ரிங் இருக்கிறது. 2012-ல் அந்த எஞ்சினிலிருந்து கழற்றியது. மண் தின்று, ஒரு பக்கம் கத்தி மாதிரி தேய்ந்திருக்கும். யாராவது கிளையன்ட் வந்து, "சார், மெயின்டனன்ஸ் செலவை எப்படியாவது குறைச்சுக் குடுங்க" என்றால், ஒன்றும் பேசாமல் அதை எடுத்து அவர் கையில் கொடுப்பேன்.

"நகத்தால தடவிப் பாருங்க!"